லாஸ்லெஸ் ஆடியோவில் கேட்டாலும் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி முழுசா கிடைக்காதது ஏன்?

நெரவியிலிருந்து காரைக்கால் போகிற பஸ்ஸில் ஏறினால், பாதிப் பேர் காதில் இயர்பட்ஸ். அரசலாற்றுப் பாலம் வருவதற்குள் ரெண்டு பாட்டு முடிந்துவிடும். அந்தப் போனில் இப்போது லாஸ்லெஸ் என்று ஒரு வசதியும் வந்திருக்கிறது. துளிகூட இழப்பில்லாத ஒலி என்பது அதன் விளம்பரம்.

அதே நெரவியிலிருந்து பைக்கை எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் திருமருகல். நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை பிறந்த ஊர். அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகிறது. நேரில் கேட்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை. இன்றைக்கு அவரைக் கேட்க இருக்கிற ஒரே வழி, பதிவுகள்தான்.

அந்தப் பதிவுகளை எவ்வளவு விலை உயர்ந்த இயர்பட்ஸில் கேட்டாலும், ஊரே பேசிய அந்தத் தோடி முழுசாக வராது. அதற்குக் காரணம் இயர்பட்ஸ் மட்டும்தானா? அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

யார் இந்த ராஜரத்தினம் பிள்ளை?

2023 மே மாதம் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைக்கப்பட்டபோது இவர் பெயர் பலருக்கு மறுபடி ஞாபகம் வந்தது. 1947 ஆகஸ்ட் 14 இரவு, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டெல்லி போய் நேருவிடம் செங்கோல் கொடுத்த குழுவோடு நாகஸ்வரம் வாசிக்கப் போனவர் இவர்தான்.

பிறந்தது 1898 ஆகஸ்ட் 27. அப்பா குப்புசாமிப் பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். அப்போது திருமருகல் பிரிட்டிஷ் இந்தியாவின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்தில் இருக்கிற நெரவியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில். கூப்பிடு தூரத்து ஊர்களுக்கு நடுவே ஒரு நாட்டு எல்லை. ஆனால் நாகஸ்வரத்துக்கு எந்தச் சுங்கச்சாவடியும் கிடையாது. திருவிழா, கல்யாணம், சாமி புறப்பாடு என்று டெல்டா முழுக்க ஒரே மேளம்தான்.

தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாகஸ்வர வித்வான். அவர்தான் சிறுவனைத் தத்தெடுத்தார். ஆனால் பையன் குழந்தையாக இருக்கும்போதே மாமா காலமாகிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ராஜரத்தினம் முதலில் கற்றுக்கொண்டது நாகஸ்வரம் இல்லை, வாய்ப்பாட்டு. சொல்லிக் கொடுத்தவர் திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர், பேர்போன வயலின் வித்வான். அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகஸ்வரம் கற்றது அதற்கப்புறம். இந்த வரிசையினால்தான் அவர் குழலில் ஊதியது பாடுவது மாதிரி இருந்தது. பின்னாளில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் போன்ற வாய்ப்பாட்டுக்காரர்களே இவருடைய குழலைக் கேட்டுத் தங்கள் பாணியை அமைத்துக்கொண்டார்கள். பாட்டிலிருந்து குழலுக்குப் போன விஷயம் குழலிலிருந்து திரும்பப் பாட்டுக்கு வந்தது.

கிராப் வைத்துக்கொண்டார், கோட்டு போட்டுக்கொண்டார். மேளக்காரர் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும், இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று இருந்த காலத்தில் அது சின்ன விஷயம் கிடையாது. 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். படம் ஓடவில்லை, அதை விட்டுவிடலாம்.

குழலின் நீளத்தையே மாற்றியவர்

பழைய நாகஸ்வரத்துக்குத் திமிரி என்று பெயர். குட்டையான குழல், உச்சமான சுருதி, 4 அல்லது 5 கட்டை. கோயில் வெளிவீதியில் சாமி நின்றால் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும். அதற்கு அந்த உச்சம் தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சுருதியில் ராகத்தை நிதானமாக விரிப்பது கஷ்டம். மூச்சும் சீக்கிரம் தீரும், காதும் சீக்கிரம் சலிக்கும்.

பாட்டு படித்த ராஜரத்தினத்துக்கு இது போதவில்லை. திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து, நீளமான குழலை உருவாக்க வைத்தார். அதுதான் பாரி நாகஸ்வரம். சுருதி 2, இரண்டரை கட்டைக்கு இறங்கியது. ஒலி கனமானது, குழைவு வந்தது. இன்றைக்குக் கல்யாண மண்டபங்களில் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாகஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள். கிளாரினெட் மாதிரி சாவிகள் எதுவும் கிடையாது. இடைப்பட்ட ஸ்வரங்களும் கமகங்களும் மூச்சின் அழுத்தத்திலும், சீவாளி மேல் உதடு வைக்கிற விதத்திலும்தான் பிறக்கின்றன. சீவாளி அதிரும்போது அடிப்படை ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே வரும். நாகஸ்வரத்தை நாகஸ்வரம் என்று அடையாளம் காட்டுவதே இந்த மேல் அதிர்வுகள்தான். அவற்றை வெட்டிவிட்டால், போனில் காத்திருக்கச் சொல்லும்போது வருமே ஒரு மங்களவாத்தியம், அது மாதிரி ஆகிவிடும்.

மூணு நிமிஷத்துக்குள் தோடி

தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி. 72 மேளகர்த்தா வரிசையில் எட்டாவது ராகம். சாமி புறப்பாட்டில் அவர் தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் போகும் என்பார்கள். பக்கத்தில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தோடியை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். அது தமிழ்நாட்டில் மட்டுமில்லை, இலங்கையிலும் வீடு வீடாக ஒலித்தது. ஆனால் அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். ஊசி விளிம்பிலிருந்து கிளம்பி நடுவுக்கு வருவதற்குள் ராகம் முடிய வேண்டும்.

மணிக்கணக்கில் விரிகிற ஒன்றை ஒரு ஆள் 3 நிமிடத்துக்குள் மடித்து வைக்கிறார் என்றால், அங்கேயே முதல் இழப்பு நடந்துவிட்டது. நிதானமாக ஒரு ஸ்வரத்தில் நின்று ஏங்க வைக்கும் இடங்கள் போய்விட்டன. சுருக்கத்துக்கும் ஒரு மேதைமை வேண்டும், அது அந்தத் தட்டில் இருக்கிறது. ஆனால் அது திருவிழாத் தோடி இல்லை.

இரண்டாவது இழப்பு அதிர்வெண்ணில். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயதானால் மேலே இருக்கிறது குறையும். 1925-க்குப் பிறகு மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்யத் தொடங்கிய காலத்திலும், 78 தட்டுகளில் உருப்படியாகப் பதிவானது தோராயமாக 5,000, 6,000 ஹெர்ட்ஸ் வரைதான். சீவாளியின் மேல் அதிர்வுகளில் பாதி அப்போதே வெளியே நின்றுவிட்டது.

மூன்றாவது, தட்டே போடும் இரைச்சல். 78 தட்டு செய்தது அரக்கில், அதாவது மரத்தில் பூச்சி சுரக்கிற அரக்கு. அதோடு கல்தூள் மாதிரி கடினமான பொடிகளைக் கலந்து அழுத்துவார்கள். இரும்பு ஊசி அதன் மேல் உரசும்போது எண்ணெய்ச் சட்டியில் வடகம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு தடவை போடும்போதும் தட்டும் கொஞ்சம் தேயும். ரசிகர்கள் ஆசை ஆசையாகப் போட்ட தட்டுதான் சீக்கிரம் தேய்ந்தது என்பது இதில் ஒரு சோகம்.

ரேடியோவும் இருந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் வந்தபிறகு டெல்டாவுக்கு நாகஸ்வரம் வீட்டுக்குள்ளேயே வந்தது. நேரம் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் மீடியம் வேவ் ஒலிபரப்பிலும் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

சரி, லாஸ்லெஸ்ன்னா என்ன?

சிடி தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி வைப்பார்கள். வலது, இடது ரெண்டுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட் வரும். இதை அப்படியே வைத்தால் போனில் இடம் பற்றாது.

எம்பி3, ஏஏசி போன்ற முறைகள் காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்ட பகுதிகளைத் தூக்கி எறிந்து, அளவை 128, 256 கிலோபிட் என்று குறைக்கின்றன. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. எந்த ஒலியையும் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டவர் பிரான்சின் ஃபூரியே, 1830-ல் இறந்தவர். அப்போதைய காரைக்கால்காரர்களும் அவரும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்தவர்கள். இன்றைய எம்பி3-யின் அடித்தளம் அந்தக் கணக்குதான்.

ஃப்ளாக், ஆப்பிளின் ஏலாக் போன்றவை லாஸ்லெஸ் முறைகள். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைக்கிற மாதிரி. பிரித்தால் ஒரு நூல் குறையாமல் அதே வேட்டி. அளவு ஏறக்குறைய பாதிக்குக் குறையும். ஆப்பிள் மியூசிக் 2021-லும், ஸ்பாட்டிஃபை 2025-லும் இதைக் கொடுக்க ஆரம்பித்தன.

ஆனால் லாஸ்லெஸ் காப்பாற்றுவது, பெட்டிக்குள் போன வேட்டியைத்தான். போகும்போதே கிழிந்திருந்தால், கிழிசலையும் அப்படியே காப்பாற்றும்.

இயர்பட்ஸ் எங்கே முட்டுகிறது?

போனில் லாஸ்லெஸ் ஆன் செய்துவிட்டு ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டினால், காதுக்கு வருவது பெரும்பாலும் லாஸ்லெஸ் இல்லை. பாட்டு போன் வரைக்கும் முழுசாக வருகிறது. அங்கிருந்து காதுக்குப் போகிற அந்த ரெண்டு அடியில் மறுபடி சுருக்கப்படுகிறது.

ப்ளூடூத் ஒரு சின்ன வாய்க்கால். காகிதத்தில் நொடிக்கு 2, 3 மெகாபிட் என்று இருந்தாலும், நடைமுறையில் விட்டு விட்டு வராமல் பாட்டு ஓட கிடைப்பது சுமார் 1 மெகாபிட்தான். அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கிறது. மனித உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தால் பாட்டு வெட்டி வெட்டி வருவது இதனால்தான்.

அதனால் எல்லா இயர்பட்ஸுக்கும் பொதுவான எஸ்பிசி முறை அதிகபட்சம் 328 கிலோபிட் அளவில் நிற்கிறது. ஐபோன், ப்ளூடூத்தில் அனுப்புவது ஏஏசி. ஏர்பாட்ஸுக்குப் ப்ளூடூத்தில் போவது லாஸ்லெஸ் இல்லை என்பதை ஆப்பிளே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சோனியின் எல்டாக் 990 கிலோபிட் வரை போகும், ஆனால் சிக்னல் குறைந்தால் 660, 330 என்று இறங்கிவிடும். குவால்காமின் ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ் உண்மையிலேயே சிடி தரத்தைக் கொடுக்கக்கூடியது. ஆனால் போன், இயர்பட்ஸ் ரெண்டிலும் அந்தச் சிப் இருக்க வேண்டும், சிக்னலும் நன்றாக இருக்க வேண்டும்.

பாதியாகக் குறைத்த லாஸ்லெஸை அப்படியே அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். பிரச்னை என்னன்னா, லாஸ்லெஸ் சுருக்கத்தில் அளவு நிலையாக இருக்காது. அமைதியான இடத்தில் சின்னதாகவும், தவில் பொழிகிற இடத்தில் பெரியதாகவும் இருக்கும். சரியாக உச்சக்கட்டத்தில் வாய்க்கால் நிரம்பி வழிந்து பாட்டு நின்றுவிடும்.

இதெல்லாம் எப்போது காதில் தெரியும்? இன்று நல்ல மைக் வைத்துப் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரியில் தெரிய வாய்ப்புண்டு. முக்கியமாகத் தவிலில். விரலில் கூடு மாட்டி அடிக்கிற ஒவ்வொரு அடியும் சுள்ளென்று ஆரம்பிக்கும். குறைந்த பிட்ரேட் சுருக்கத்தில் அந்த ஆரம்பம் மழுங்கும். அடிக்கு முன்னாலேயே லேசாக ஒரு கசிவு கேட்கும். அதே சமயம் 256 கிலோபிட் ஏஏசியையும் லாஸ்லெஸையும் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினால், பெரும்பாலானோரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிவதில்லை என்பதும் உண்மை. பஸ் இரைச்சலில் சுத்தமாக முடியாது.

ராஜரத்தினம் பிள்ளையின் 78 தட்டுக்கு வந்தால் கதையே வேறு. அதில் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது பெரும்பாலும் வடகம் பொரிகிற சத்தம்தான். அந்தத் தட்டுக்கு எஸ்பிசியின் வாய்க்காலே தாராளம். இங்கே இயர்பட்ஸைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நிஜமான சேதம் எங்கே நடக்கிறது?

தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும் இடத்தில். இணையத்தில் இருக்கும் பல பழைய பதிவுகள் கைமாறிக் கைமாறி வந்தவை. தட்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து எம்பி3, அதிலிருந்து வீடியோ. யூடியூபில் ஏற்றும்போது இன்னொரு தடவை சுருக்கம். ஒழுங்கில்லாத இரைச்சலைச் சுருக்குவது எந்த முறைக்கும் கஷ்டம். கொடுத்த பிட்டில் பெரும்பங்கை இரைச்சல் தின்றுவிட, மிச்சம்தான் நாகஸ்வரத்துக்கு.

சரி, இரைச்சலை நீக்கிவிடலாம் என்று சாஃப்ட்வேரில் போட்டு இழுத்தால், அதோடு சீவாளியின் காற்றும் மேல் அதிர்வுகளும் சேர்ந்து போய்விடும். கேட்க சுத்தமாக இருக்கும். தண்ணிக்குள்ளே வாசிக்கிற மாதிரியும் இருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, வேகம். 78 என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் சரியாக 78 சுற்றில் பதிவானது கிடையாது. போடும் இயந்திரமும் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியதில்லை. வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். 78-க்குப் பதில் 83-க்குக் கொஞ்சம் கீழே சுற்றினால் போதும், 2 கட்டையில் வாசித்தது இரண்டரைக் கட்டையாகக் கேட்கும். இன்னும் ஓடினால் மூன்று.

குழலின் சுருதியை இறக்குவதற்காக ஆசாரியோடு உட்கார்ந்து வாத்தியத்தையே மாற்றியவர் அவர். அவருடைய தோடியை யாரோ ஒருவர் வேகம் பார்க்காமல் மாற்றி ஏற்றினால், பாரி பாதி திமிரியாகிவிடுகிறது. அந்தப் பிரதியை லாஸ்லெஸ் ஃபைலாகச் சேமித்தால் அந்தத் தப்பும் துளி குறையாமல் காலத்துக்கும் இருக்கும். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்துக் கேட்டு, தம்பூரா ஆப்பில் சுருதி பார்த்தாலே எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அதற்கு விலை உயர்ந்த ஹெட்போன்கூட வேண்டாம், போன் ஸ்பீக்கரே போதும்.

கடைசி ஆண்டுகள்

ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்பி தட்டு 1948-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. இரைச்சல் குறைவு, அதிர்வெண் அகலம் அதிகம். ஆலாபனைக்கென்றே செய்த மாதிரி ஒரு சாதனம். அது நம்ம ஊரில் பரவுவதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. சம்பாதித்ததைச் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். வயது 58.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1954 நவம்பர் 1-ல், நெரவியும் காரைக்காலும் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவின் கைக்கு வந்திருந்தன. திருமருகலுக்கும் நெரவிக்கும் நடுவே இருந்த எல்லை அவர் கண்முன்னாலேயே போய்விட்டது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்துக்குக் காலம் கொஞ்சம் கை கொடுத்தது. 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் வாசித்த சிங்காரவேலனே தேவா பாட்டு, சினிமா ஸ்டுடியோவின் மைக்கில் பதிவானது. குழலின் கனமும் குழைவும் அதில் நன்றாகவே விழுந்திருக்கின்றன. அவரும் 1964-ல் இறந்துவிட்டார்.

ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்க நினைப்பவர்கள் முதலில் நீளமான வானொலி, கச்சேரிப் பதிவுகளைத் தேடலாம். தரம் சுமார்தான். ஆனால் தோடிக்கு மூச்சுவிட இடம் இருக்கும். 78 தட்டுப் பிரதி என்றால், இரைச்சல் அதிகம் இருப்பதையே தேர்ந்தெடுங்கள், வடிகட்டாதது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் ப்ளூடூத் ஆடியோ கோடெக் என்று ஒன்று இருக்கும். எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்று மாற்றி மாற்றி அந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே போனில் ஆலாபனை தொடங்கி மூணாவது நிமிஷம் வரும்போது, இன்னும் விரிய வேண்டிய ராகம் அப்படியே நின்றுபோவது மட்டும் தெரியும்.